மூளை அழற்சியை அணைத்தால் மறதி நோய் நின்றுவிடுமா?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன்: "அல்சைமர், பார்க்கின்சன் மாதிரி நோய்களுக்கெல்லாம் மூளையில் ஏற்படும் அழற்சிதான் காரணம் என்று படித்தேன். அம்மாவுக்கு 71 வயது. கொஞ்சம் மறதி ஆரம்பித்திருக்கிறது. அப்படியானால் அழற்சியைக் குறைக்கும் மாத்திரையோ, மஞ்சளோ தினமும் கொடுத்து வந்தால் தடுத்துவிடலாமா?"

மாத்திரை வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமான பதில். உங்கள் கேள்வி அசட்டுக் கேள்வி இல்லை. பெரிய பெரிய ஆய்வாளர்களே இதே கேள்வியைக் கேட்டு, ஆயிரக்கணக்கானவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்ட கதை இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தச் சொல். மூளை அழற்சி என்றதும் நம்மில் பலருக்கு மூளைக்காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். கிருமி உள்ளே போய், காய்ச்சல் கொதித்து, வலிப்பு வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்க்கிற சமாசாரம் அது. நாம் பேசப்போவது வேறு. அழல் என்றால் நெருப்பு. அழற்சி அதன் வழிவந்த சொல். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது, நாலு நாளில் ஆறியும் விடுகிறது. மூளைத் திசுவுக்கோ வலியை உணரும் நரம்பு முனைகளே கிடையாது. அதனால் அங்கே மூளும் அழற்சி, காய்ச்சலும் வலியும் இல்லாமல், பத்துப் பதினைந்து வருடம்கூட நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கலாம். சாதாரண எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அது பிடிபடாது.

இந்த நெருப்பை மூட்டுவதும் காப்பதும் பெரும்பாலும் மைக்ரோக்ளியா என்ற செல்கள். நெடுங்காலம் இவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. 1856-இல் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ, நரம்புச் செல்களுக்கு இடையில் கிடப்பதையெல்லாம் மொத்தமாகச் சேர்த்து 'நரம்புப் பசை' என்ற பொருளில் நியூரோக்ளியா என்று பெயர் வைத்துவிட்டார். பசைக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? அறுபது வருடம் கழித்து, 1919-இல், மாட்ரிட்டில் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா வெள்ளிக் கார்பனேட்டால் சாயம் ஏற்றும் ஒரு முறையைக் கொண்டு பார்த்தபோதுதான் அந்தப் 'பசை'க்குள் தனி வகைச் செல் ஒன்று இருப்பது தெளிவாகத் தெரிந்தது. மைக்ரோக்ளியா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். காயம் பட்டால் இவை உருமாறும், நகரும், குப்பையை விழுங்கும் என்பதையும் அப்போதே எழுதிவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இவை மூளையில் பிறந்த செல்களே இல்லை என்பது. கரு உருவாகிய தொடக்க நாட்களில் மஞ்சள்கருப் பையில் தோன்றி, மூளை உருவாகும்போதே உள்ளே வந்து குடியேறியவை. 2010-இல் எலிகளை வைத்து இதை நிறுவினார்கள். நம் இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்களுக்கு ஒன்றுவிட்ட பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த வீட்டில் இவை செய்யும் வேலை கொஞ்சநஞ்சமில்லை. 2005-இல் உயிருள்ள எலியின் மூளைக்குள் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தார்கள். அதுவரை 'ஓய்வில் இருக்கும் மைக்ரோக்ளியா' என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த செல்கள், ஒரு நிமிடம்கூடச் சும்மா இல்லை. கிளைகளை நீட்டுவதும் மடக்குவதுமாகச் சுற்றுப்புறத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூளைத் திசு முழுவதும் இப்படிச் சோதிக்கப்பட்டுவிடுகிறது.

ஆய்வகத்தில் இருந்த காலத்தில் அல்சைமர் மூளையின் வெட்டுத் துண்டுகளைப் பல நாள் பார்த்திருக்கிறேன். மைக்ரோக்ளியாவுக்குப் பழுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடித் தகடு. நோய் தொடாத பகுதியில் அவை சின்ன உடலும், இழை இழையாகப் பிரிந்த கிளைகளுமாக, ஒன்றையொன்று தொடாமல், ஆளுக்கொரு எல்லை வகுத்துக்கொண்டு நிற்கும். தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் அமிலாய்டு என்ற புரதம் திரண்ட படிவு ஒன்று வரும். கீழே சிந்திய சோற்றுப் பருக்கையை எறும்பு மொய்க்கிற மாதிரி அதைச் சுற்றி மைக்ரோக்ளியா மொய்த்திருக்கும். கிளைகள் குட்டையாகி, தடித்து, உடல் பருத்து, ஆளே மாறிப்போயிருக்கும். முதல் தடவை பார்த்தபோது, இவை படிவைத் தின்கின்றனவா, வேலி போட்டு அடைக்கின்றனவா, இல்லை இவையே கொண்டுவந்து கொட்டிவிட்டனவா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். "மூணும்தான்" என்றார். அப்போது கேலி என்று நினைத்தேன்.

அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த அலோய்ஸ் அல்சைமரே இதைக் கவனித்திருந்தார். ஃபிராங்க்ஃபர்ட்டில் 1901-இல் அவர் பார்த்த அகஸ்டே டெட்டர் என்ற பெண் 1906-இல் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து எழுதிய 1907-ஆம் வருடக் குறிப்பில், படிவுகளையும் நரம்புச் செல்லுக்குள் முறுக்கிக்கிடந்த இழைகளையும் சொன்னதோடு, க்ளியா செல்களில் கொழுப்புத் திரண்டு கிடப்பதையும் சேர்த்தே எழுதினார். படிவும் முறுக்கும் உலகப் புகழ் பெற்றன. க்ளியா பற்றிய வரியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். 1980-களின் பிற்பாதியில் கனடாவின் வான்கூவரில் பாட்ரிக் மெக்கீர், எடித் மெக்கீர் தம்பதியின் குழுதான் அதைத் திரும்பக் கையில் எடுத்தது. அல்சைமர், பார்க்கின்சன் இரண்டிலும் பழுதான இடத்தில் தூண்டப்பட்ட மைக்ரோக்ளியா குவிந்திருப்பதைக் காட்டினார்கள். அதுவரை மூளை என்பது நோய் எதிர்ப்புப் படை நுழையாத தனிக்கோட்டை என்றே பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் மாத்திரைக் கதை. மெக்கீர் தம்பதி இன்னொன்றையும் கவனித்தார்கள். முடக்குவாதக்காரர்களிடம் அல்சைமர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. முடக்குவாதக்காரர்கள் வருடக்கணக்காக வலி மாத்திரை சாப்பிடுபவர்கள். அதுதான் காப்பாற்றுகிறதோ? 2001-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு வெளியானபோது ஊகம் நம்பிக்கையாகவே மாறிவிட்டது. 55 வயது தாண்டிய 6,989 பேரைச் சராசரியாக ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்தொடர்ந்தார்கள். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை மொத்தம் இரண்டு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு, சாப்பிடாதவர்களுக்கு இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் கை பரபரக்காது?

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று இறங்கினார்கள். ஏற்கனவே நோய் வந்த 351 பேருக்கு ரோஃபெகாக்ஸிப், நாப்ராக்ஸன் என்ற வலி மாத்திரைகள், மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று மூன்று குழுவாகப் பிரித்து ஒரு வருடம் கொடுத்தார்கள்; 2003-இல் முடிவு வந்தது. மறதி மெதுவாகவே இல்லை. 'நோய் முற்றியபின் கொடுத்தால் எப்படிக் கேட்கும்? வருமுன் கொடுக்க வேண்டும்' என்று அடுத்த வாதம். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. குடும்பத்தில் நோய் உள்ள, ஆனால் தங்களுக்கு இன்னும் வராத, 70 தாண்டிய இரண்டாயிரத்து ஐநூற்றுச் சொச்சம் பேரைச் சேர்த்து நாப்ராக்ஸன், செலகாக்ஸிப் கொடுத்தார்கள். 2004 செப்டம்பரில் ரோஃபெகாக்ஸிப் இதயத்துக்கு ஆபத்து என்று சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அதே டிசம்பரில் இந்தச் சோதனையிலும் மாத்திரையை நிறுத்தினார்கள். அதன்பின் அவர்களைத் தொடர்ந்து பார்த்ததிலும் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை.

ராட்டர்டாம் எண் பொய்யா? இல்லை. ஆனால் வலி மாத்திரையைக் கேட்டு வாங்கி, ஞாபகமாகச் சாப்பிடுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். மறதியின் ஆரம்பத்தில் இருப்பவர் முழங்கால் வலியைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை; சொன்னாலும் மாத்திரையை மறந்துவிடுகிறார். ஆக, மாத்திரை மறதியைத் தடுத்ததா, மறதி மாத்திரையைத் தடுத்ததா என்பது அந்தக் கணக்கில் தெரியாது. இன்னொன்று, இந்த மாத்திரைகள் அடைப்பது காக்ஸ் என்ற நொதியை. மூட்டு வலிக்கு அது போதும். மைக்ரோக்ளியா தன் வேலையைச் செய்வதற்குக் காக்ஸ் தவிரப் பத்து வழி வைத்திருக்கிறது. வீட்டுக்குப் பத்து வாசல் இருக்கும்போது ஒன்றைப் பூட்டி என்ன பயன்?

இந்தத் தோல்விக்குப் பிறகு, அழற்சி என்பது நோயின் விளைவுதான், எரிந்த வீட்டில் எழும் புகை மாதிரி என்று பலர் கைகழுவிவிட்டார்கள். அவர்களைத் திரும்பி உட்காரவைத்தது மரபணு ஆய்வு. டிரெம்-2 என்ற மரபணுவில் ஏற்படும் அரிய மாற்றம் ஒன்று அல்சைமர் வாய்ப்பை ஏறக்குறைய மூன்று மடங்கு கூட்டுகிறது என்று 2012 நவம்பரில் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஒன்று ஐஸ்லாந்து மக்களை ஆராய்ந்த குழு. மூளையில் டிரெம்-2 வேலை செய்வது நரம்புச் செல்லில் இல்லை, மைக்ரோக்ளியாவில். மரபணு பிறக்கும்போதே வருவது. நோய் வந்து அதை மாற்றியிருக்க முடியாது. ஆக மைக்ரோக்ளியா வெறும் புகை இல்லை, நோயின் வேரிலேயே அதற்குக் கை இருக்கிறது என்று உறுதியானது. சிடி-33, பிஎல்சிஜி-2 என்று மைக்ரோக்ளியா சார்ந்த வேறு மரபணுக்களும் இந்த வரிசையில் சேர்ந்தன.

ஆனால் இதில் ஒரு திருகல் இருக்கிறது, அதைக் கவனிக்காமல்தான் பலர் 'அழற்சி கெட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். டிரெம்-2-இல் வரும் அந்த மாற்றம் மைக்ரோக்ளியாவை முறுக்கேற்றிவிடுவதில்லை, மந்தமாக்குகிறது! இரண்டு பிரதியும் முழுக்கப் பழுதானவர்களுக்கு நாசு-ஹாகோலா என்ற அரிய நோய் வருகிறது. முதலில் பின்லாந்திலும் ஜப்பானிலும் விவரிக்கப்பட்டது அது. எலும்பில் ஓட்டைகள், அப்புறம் நாற்பது வயதையொட்டி மறதி நோய். மைக்ரோக்ளியா சரியாக வேலை செய்யாவிட்டாலே மூளை கெடுகிறது. நான் மேலே சொன்ன எறும்பு மொய்ப்பு இருக்கிறதே, டிரெம்-2 பழுதான மூளையில் அது தளர்ந்துபோய்விடும். படிவு ஓரம் பிசிறு பிசிறாகப் பரந்து கிடக்கும்; அதைத் தொட்டுக்கொண்டு போகும் நரம்பு இழைகள் வீங்கிச் சிதைந்திருக்கும். மைக்ரோக்ளியா நெருக்கமாக வேலி கட்டிய இடத்தில் அந்தச் சிதைவு குறைவு. பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன 'மூணும்தான்' கேலியில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்படியானால் இவை நல்லவைதானா என்றால், அதுவும் முழுசாக இல்லை. குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு அதிகமாகவே நரம்பு இணைப்புகளைப் போட்டுவைக்கிறது. பிறகு வேண்டாதவற்றைக் கழிக்க வேண்டும். தோட்டத்தில் எந்தக் கிளையை வெட்டுவது என்று சுண்ணாம்பால் குறி வைப்பார்களே, அதுபோல சி1க்யு என்ற புரதம் இணைப்பின்மேல் ஒட்டிக்கொள்கிறது. மைக்ரோக்ளியா வந்து குறியிட்டதை விழுங்குகிறது. இது வளரும் மூளைக்கு அவசியமான கத்தரிப்பு. அமெரிக்காவில் பெத் ஸ்டீவன்ஸின் குழு 2016-இல் காட்டியது என்னவென்றால், அல்சைமர் ஆய்வுக்கு மாதிரியாக வைத்திருக்கும் எலிகளில், படிவுகள் திரள்வதற்கு முன்பே, இந்தப் பழைய குறியிடல் திரும்ப உயிர்பெற்றுவிடுகிறது. நன்றாக இருக்கும் இணைப்புகளின் மேலும் குறி விழுகிறது. மைக்ரோக்ளியா உத்தரவுப்படி விழுங்குகிறது. சி1க்யு-வைத் தடுத்தபோது இணைப்பு இழப்பு குறைந்தது. மறதி நோயில் நினைவு மங்குவதோடு நெருங்கிய தொடர்புள்ளது படிவின் அளவு இல்லை, இழந்த இணைப்புகளின் எண்ணிக்கைதான். ஆகவே இது சின்ன விஷயமில்லை.

இதோடு, மைக்ரோக்ளியா படிவை விழுங்கித் திணறும்போது உள்ளே இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு ஒன்று திரண்டு, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் செய்திப் புரதத்தை வெளியே தள்ளும். அது அக்கம்பக்கத்து மைக்ரோக்ளியாவையும் உசுப்பிவிடும். ஆஸ்ட்ரோசைட் என்ற இன்னொரு க்ளியா, நரம்புச் செல்லுக்கு ஊட்டம் கொடுத்துக்கொண்டிருந்தது, இந்தச் செய்திகளைக் கேட்டுக் குணம் மாறிப்போகும். விரிவாகப் போனால் இது பாடப்புத்தகம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

பார்க்கின்சனில் நடந்த ஒரு விபத்து இதை இன்னும் நன்றாக விளக்கும். 1982-இல் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள், திடீரென்று உடல் உறைந்து, பேச முடியாமல், சிலைபோல மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். பார்க்கின்சன் அறுபது வயதுக்காரர்களின் நோய். இவர்களோ இருபது, முப்பது, நாற்பது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் துருவிப் பார்த்ததில், எல்லாரும் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய செயற்கை ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. காய்ச்சியதில் நேர்ந்த பிழையால் எம்.பி.டி.பி. என்ற நச்சு அதில் கலந்திருந்தது. நடுமூளையில் கறுப்பாகத் தெரியும், டோபமின் சுரக்கும் செல்கள் உள்ள சிறு பகுதியை அது குறிபார்த்து அழித்திருந்தது. நச்சு உடலில் தங்கியது கொஞ்ச நாள்தான். ஆனால் அவர்களில் இறந்துபோன மூன்று பேரின் மூளையை ஆராய்ந்து 1999-இல் லாங்ஸ்டன் குழு எழுதியதைப் படியுங்கள்: நச்சு ஏறி 3 முதல் 16 வருடம் கழித்தும் அந்தக் கறுப்புப் பகுதியில் மைக்ரோக்ளியா தூண்டப்பட்ட நிலையிலேயே இருந்தன, நரம்புச் செல்கள் அப்போதும் செத்துக்கொண்டிருந்தன.

தீக்குச்சி அணைந்து பதினாறு வருடம் ஆகியும் கூரை புகைந்துகொண்டிருக்கிறது. செத்த நரம்புச் செல் தன் கறுப்பு நிறமியைச் சிந்துகிறது, மைக்ரோக்ளியா அதை விழுங்கிச் சீறுகிறது, அந்தச் சீற்றத்தில் பக்கத்துச் செல் சாகிறது, அது தன் நிறமியைச் சிந்துகிறது. இந்த வட்டம்தான் 'அழற்சி காரணமா, விளைவா' என்ற கேள்விக்கு என் பதில். பெரும்பாலான நோயாளிகளுக்கு முதல் தீப்பொறி வேறு எங்கிருந்தோ வருகிறது. அது நிற்காமல் பரவுவதற்கு அழற்சி பெரிய காரணம்.

வட்டத்தை வெட்டலாமே என்று தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் சாகிற ஏ.எல்.எஸ். என்ற நோயில் முயன்றார்கள். மினோசைக்ளின் மைக்ரோக்ளியாவை அடக்கும் ஒரு பழைய ஆன்டிபயாடிக். எலிகளில் நன்றாக வேலை செய்தது. 412 நோயாளிகளுக்குக் கொடுத்த சோதனையின் முடிவு 2007-இல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிட ஏறக்குறைய 25 சதவீதம் வேகமாக நலிந்தார்கள். அடக்கினால் கெடுதல் எதுவும் வராது என்ற நினைப்பையும் அது போக்கிவிட்டது.

அழற்சியை அடக்கி உண்மையிலேயே பலன் கண்ட நோய் ஒன்று உண்டு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அங்கே வெளியிலிருந்து இரத்தத்தின் வெள்ளணுக்கள் மூளைக்குள் புகுந்து நரம்பின் மயலின் உறையைத் தாக்குகின்றன. நோயைத் தொடங்கிவைப்பதில் எப்ஸ்டைன்-பார் வைரசுக்குப் பெரிய பங்கு இருப்பதை, அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கும் மேலானவர்களின் தரவை வைத்து 2022-இல் காட்டினார்கள். தொற்றுக்குப் பின் நோய் வாய்ப்பு 32 மடங்கு. வெள்ளணுக்களைத் தடுக்கும் மருந்துகள் திடீர்த் தாக்குதல்களை நன்றாகவே குறைக்கின்றன. ஆனாலும் பலருக்கு, தாக்குதல் நின்ற பின்னும் கால் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே போகும். உள்ளே குடியிருக்கும் மைக்ரோக்ளியாவுக்கு அதில் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். மூளைக்குள் நுழையக்கூடிய டோலிப்ரூட்டினிப் என்ற மருந்து இந்த மெதுவான தளர்ச்சியின் வாய்ப்பை 31 சதவீதம் குறைத்ததாக வந்த முடிவு எனக்குச் சமீபத்தில் நம்பிக்கை தந்த சிலவற்றுள் ஒன்று. கல்லீரலை அது பாதிக்கக்கூடும் என்பது அதன் மறுபக்கம்.

அல்சைமருக்கு வந்திருக்கும் புதிய ஊசி மருந்தான லெக்கனெமாப் செய்வது இதற்கு நேர் எதிர். அமிலாய்டில் ஒட்டிக்கொண்டு 'இதைத் தின்னு' என்று மைக்ரோக்ளியாவை ஏவிவிடுகிறது. 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்ததில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. அளவுகோலில் பார்த்தால் 18 புள்ளிக்கு அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம். குடும்பத்தார் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். எட்டில் ஒருவருக்கு மூளையில் நீர் கோத்த வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. மைக்ரோக்ளியாவை உசுப்பினால் கிடைக்கும் நன்மை, கொடுக்க வேண்டிய விலை இரண்டும் ஒரே ஊசியில். சரி, டிரெம்-2-ஐயே நேரடியாகத் தூண்டலாமே என்று வந்த இன்னொரு மருந்து 2024 நவம்பரில் தோற்றது.

இவ்வளவும் ஆய்வகத்துச் சங்கதி. உங்கள் அம்மாவுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், நான் சொல்லப்போகும் அடுத்த விஷயம்தான்.

என் பெரியம்மாவுக்கு மறதி நோய் இருந்தது. பெயர் மறக்கும், அடுப்பை அணைக்க மறக்கும். ஆனால் தானே குளிப்பார், சாப்பிடுவார், பூத்தொடுப்பார். ஒரு ஆடி மாதம் மூன்று நாள் சிறுநீர்த் தொற்று. காய்ச்சல்கூட லேசானதுதான். இரண்டாவது நாள் ராத்திரி, செத்துப்போன தன் தம்பி வாசலில் நிற்கிறான், கதவைத் திற என்று கத்த ஆரம்பித்துவிட்டார். பார்த்த மருத்துவமனையில், வயசாகிவிட்டது, மறதி முற்றிவிட்டது என்று தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். சிறுநீரைச் சோதிக்க இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. தொற்று குணமானது, தம்பி போய்விட்டார். ஆனால் பெரியம்மா பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பவில்லை. பூத்தொடுப்பது அதோடு நின்றது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் கிளைவ் ஹோம்ஸ் குழு அல்சைமர் உள்ள 300 பேரை ஆறு மாதம் பார்த்து 2009-இல் எழுதியது: இடையில் தொற்று, காயம் என்று உடலில் எங்காவது அழற்சி வந்துபோனவர்களுக்கு அறிவுத்திறன் சரிவு இரண்டு மடங்கு வேகம். காரணம், நோயுள்ள மூளையில் மைக்ரோக்ளியா ஏற்கனவே விறைத்து நிற்கின்றன. நல்ல மூளைக்கு ஒரு காய்ச்சல் செய்தி வந்தால் இரண்டு நாள் சோர்ந்து படுத்து எழுகிறோம். விறைத்து நிற்பவற்றுக்கு அதே செய்தி போனால் அளவு கடந்து பாய்கின்றன. எலிகளில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். செய்தி போகும் பாதைகள் வேகஸ் நரம்பு, இரத்தக் குழாயின் உட்சுவர், இரத்தத்தில் மிதக்கும் சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்கள். கிருமி மூளைக்குள் போக வேண்டும் என்ற அவசியமே இல்லை.

அதனால் அம்மா விஷயத்தில் நான் கவனிக்கச் சொல்வது இதை. மறதி மாதக்கணக்கில் மெதுவாக வரும். ஒரே நாளில், இரண்டு நாளில் ஆள் மாறினால், பிதற்றினால், பகலில் தூங்கி இரவில் விழித்தால், அது மறதி முற்றியது என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொற்று இருக்கிறதா, தண்ணீர் குறைந்துவிட்டதா, மலச்சிக்கலா, புதிதாக ஏதாவது மாத்திரை சேர்த்தார்களா என்று அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

தடுப்பூசிகளையும் தள்ளிப்போடாதீர்கள். அக்கி தெரியும்தானே, காவி குழைத்து எழுதுவார்களே, அதுதான். அதற்கான தடுப்பூசியை வேல்ஸ் நாட்டில் 2013-இல் அரசு தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும் என்று கோடு போட்டார்கள். ஒரு வாரம் முன்னால் பிறந்தவருக்குக் கிடையாது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்களிடம் வேறு வித்தியாசம் என்ன இருக்கப்போகிறது? ஏழு வருடக் கணக்கில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மறதி நோய் சுமார் 20 சதவீதம் குறைவு. பெண்களிடம் பலன் இன்னும் கூடுதல். 2025-இல் வெளியானது. அது பழைய வகை ஊசி, இப்போது நம் ஊரில் கிடைப்பது வேறு வகை, விலையும் அதிகம். மறதிக்காகவென்று போடாவிட்டாலும், அக்கி வலியைப் பார்த்தவர்கள் அதற்காகவே போட்டுக்கொள்வார்கள்.

மஞ்சளுக்கு வருவோம், நீங்கள் காத்திருப்பீர்கள். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் அல்சைமர் மிகக் குறைவு என்று 2001-இல் ஒரு ஆய்வு வந்தது. இந்தியர்கள் மஞ்சள் சாப்பிடுவதால்தான் என்று உலகம் முடிச்சுப் போட்டுவிட்டது. அந்த ஆய்வு மஞ்சளை அளக்கவே இல்லை. சோதனைக் குழாயில், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் அழற்சியை அடக்குவது உண்மை. ஆனால் வாய்வழி போனால் குடல் மிகக் கொஞ்சமே உறிஞ்சுகிறது, கல்லீரல் அதையும் உடனே மாற்றிவிடுகிறது. அமெரிக்காவில் 36 அல்சைமர் நோயாளிகளுக்கு நாளுக்கு 2 கிராம், 4 கிராம் என்று 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், 2012-இல் முடிவு வந்தது: பலன் இல்லை. நூறு கிராம் மஞ்சள்தூளில் குர்குமின் மூன்று கிராம் அளவுதான் இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாம்பாரில் போடுங்கள், பாலில் போடுங்கள், ருசிக்கு நல்லது. மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய குர்குமின் மாத்திரைகளை மட்டும் வாங்காதீர்கள்; அவற்றால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், காது கேளாமை, கண்புரை, புகை, உட்கார்ந்தே இருப்பது, தனிமை இவையெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படுபவை என்பதால் அலுப்பாக இருக்கும். 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு இப்படி மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கணக்கிட்டு, உலகின் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதம் அவற்றோடு தொடர்புடையது என்றது. இவற்றுள் பல, உடலின் அழற்சியையும் கூட்டுபவை. 71 வயதில் காதுக்கு மிஷின் வைப்பது கௌரவக் குறைச்சல் என்று அம்மா சொல்வார், விடாதீர்கள்.

முதலில் ஒரு நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ போய் வைட்டமின் பி-12, தைராய்டு, மனச்சோர்வு இவற்றைப் பார்த்துவிடுங்கள். இவற்றால் வரும் மறதி பெருமளவு சரியாகக்கூடியது. போகும்போது அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். முழங்கால் வலிக்கென்று சீட்டு இல்லாமல் கடையில் வாங்குகிற டைக்ளோஃபெனாக் அட்டையையும் சேர்த்து. எழுபது வயதில் வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் கெடுதல் செய்யக்கூடிய அந்த மாத்திரையை, மூளையைக் காக்கும் என்று நினைத்து நீங்கள் ஏற்கனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால், அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.